ஆனியில் அடித்த தீபாவளிச் சாயம்

2022ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நான் என் கையாலேயே பொருத்திய மரத்தட்டு சுவரை விட்டுக் கழன்று விழுந்தது. அதன் மேல் இரண்டு தகர டப்பா நிறைய முறுக்கும், ஒரு டப்பா அச்சுமுறுக்கும், மசாலாத்தூள் போத்தல்கள் ஏழும் இருந்தன. முறுக்கைக் கூட்டி அள்ளிவிட்டோம். மஞ்சள்தூள் இறங்கிய டைல்ஸ் இடுக்குகள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் மற்ற இடங்களைவிடச் சற்று மஞ்சளாகவே இன்றுவரை இருக்கின்றன.

அந்த மாதத்தில் நான் மூன்று வேலைகளைக் கையில் எடுத்திருந்தேன். சமையலறையில் தட்டு பொருத்துவது ஒன்று. வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் சாயம் அடிப்பது இரண்டு. குளியலறைக் கதவின் அடியில் ஊறி உப்பிப்போன மரச்சட்டத்தை மாற்றுவது மூன்று. ஆள் வைத்துச் செய்தால் ஆகும் கூலியைக் கேட்டு மலைத்துப்போய், ‘இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது’ என்ற துணிச்சலில் இறங்கினேன். தட்டு விழுந்தது. வரவேற்பறையில் ஒரு சுவர் மட்டும் வேறு சாயலில் நின்றது. சமையலறைக் கூரையில் அடித்த வெள்ளை மூன்றே வாரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கதவுச் சட்டத்தை நான் தொடவே இல்லை. 450 ரிங்கிட்டில் முடியும் என்று எழுதி வைத்த கணக்கு 920இல் வந்து நின்றது. அலுவலகத்தில் நாள் முழுவதும் பிறருடைய கணக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதைச் சொன்னால், அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பது புரியும்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். விழுந்த தட்டைப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய், கைவிளக்கை அடித்து, துளைக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். “பூச்சுலதாம்மா நின்னிருக்கு, செங்கல்லுக்குள்ள சரியாப் போகவே இல்ல” என்றார். பிறகுதான் தேநீர் கேட்டார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் தட்டு, படம், திரைச்சீலைக் கம்பி என்று எதைப் பொருத்தினாலும் இதுதான் அடிப்படை. நம் ஊர் வீடுகளின் சுவர் பெரும்பாலும் செங்கல்லோ சிமெண்டுக் கல்லோ வைத்துக் கட்டி, அதன் மேல் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை சிமெண்டுக் கலவை பூசியதாக இருக்கும். பழைய கட்டடங்களில் மேலும் ஒருமுறை பூசியிருந்தால் பூச்சு இன்னும் தடிமனாகும். துளைக்குள் செருகி அதில் திருகாணியை இறக்குவதற்காக நான் வாங்கிய பிளாஸ்டிக் பிளக் ஓர் அங்குல நீளம் உடையது. அதில் முக்கால்வாசி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. திருகாணியை முடுக்கும்போது பிளக் விரிந்து பக்கங்களை அழுத்தும். செங்கல் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், பூச்சோ விரிசல் விட்டு ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். இரண்டு வாரம் தாங்கியதே முறுக்கு டப்பா வராததால்தான்.

துளையிடும்போது வரும் தூளைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்பதை அன்றுதான் கற்றேன். முதலில் சாம்பல் நிறத்தில் வரும் தூள் பூச்சு; பிறகு சிவப்பாக மாறினால் செங்கல்லைத் தொட்டுவிட்டது. சிமெண்டுக் கல்லாக இருந்தால் நிறம் மாறாது, ஆனால் ட்ரில்லின் சத்தமும் கைக்குத் தெரியும் எதிர்ப்பும் மாறும். துளைக்கவே மறுத்து முனை சூடேறினால் அது கான்கிரீட் தூணோ உத்திரமோ. அங்கே சாதாரண ட்ரில்லை வைத்து மல்லுக்கட்டக் கூடாது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் இரண்டு அங்குல நீளமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிளக்கைப் போட்டேன். ட்ரில் முனையில் வேண்டிய ஆழத்துக்கு அளந்து ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டேன். பிளக்கின் நீளத்தைவிட அரை அங்குலம் அதிகமாகத் துளைத்து, உள்ளே தங்கிய தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கை இறக்கினேன். அதற்கும் முன்னதாக, தட்டில் வைக்கப் போகும் டப்பாக்களையும் போத்தல்களையும் ஒரு கூடையில் போட்டு, குளியலறை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன். 19 கிலோ. அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டு தாங்கிகள் போதும் என்று இருந்த நான் நான்கு வாங்கினேன்.

எனக்கு அதுவரை திட்டமிடல் என்றால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் பணத்தை ஒதுக்குவதும்தான். சுவருக்குள் என்ன இருக்கிறது, அந்த வாரத்தில் மழை எப்படி, கீழ் வீட்டில் யார் எப்போது உறங்குகிறார்கள் என்பவையெல்லாம் திட்டத்துக்குள் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மழையிலிருந்து தொடங்குகிறேன். நம்மவர்கள் வீட்டுக்குச் சாயம் அடிப்பது தீபாவளியை ஒட்டித்தான். தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். கோலாலம்பூரில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் காலங்களில் ஒன்று அதுதான். பருவக்காற்று மாறும் அந்த வாரங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் வருவதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீரில் கரையும் சாயம் காய்வதற்கு அதிலுள்ள நீர் காற்றில் போக வேண்டும். காற்றே நனைந்திருந்தால் எங்கே போகும்? டின்னில் இரண்டு மணி நேர இடைவெளி என்று அச்சிட்டிருப்பது இதமான நாளுக்கு. மழை நாளில் அதை அப்படியே நம்பி இரண்டாம் பூச்சை ஏற்றினால், உருளை கீழ்ப்பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். எனக்கு வந்தது. ஒப்பிட்டால் ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு. ஆகவே 2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, அது நவம்பர் 12ஆம் தேதி வந்தது, நான் ஆனி மாதத்திலேயே சாயம் அடித்து முடித்தேன். “தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கே, அதுக்குள்ள அழுக்காயிடாதா?” என்று மாமியார் கேட்டார். ஆகவில்லை, சின்னவன் பென்சிலால் கிறுக்கிய ஓரிடத்தைத் துடைத்துவிட்டால் போதுமானதாக இருந்தது.

சாயத்தின் அளவைக் கணக்கிடுவதில் நான் செய்த தவறு இன்னும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வரவேற்பறை 15 அடி நீளம், 11 அடி அகலம், 9 அடி உயரம். நான்கு சுவரின் சுற்றளவு 52 அடி. உயரத்தால் பெருக்கினால் 468 சதுர அடி. வாசல் கதவுக்கு 21, பால்கனிக் கதவுக்கு 42 என்று கழித்தால் 405 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 37.6 சதுர மீட்டர். இரண்டு பூச்சு என்றால் 75 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பத்து சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் ஏழரை லிட்டர் வேண்டும். நான் முதல் ஆண்டு ‘ஒரு கூடம்தானே’ என்று ஐந்து லிட்டர் டின் ஒன்றை வாங்கி வந்தேன். மூன்றாம் சுவரோடு தீர்ந்தது. கடையில் அதே நிறத்தின் எண்ணைச் சொல்லி மறுபடியும் ஒரு டின் கலக்கச் சொன்னேன். இயந்திரம்தான் கலக்குகிறது என்றாலும், இரண்டு டின்னுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருந்தது. இரண்டாம் ஆண்டு இரண்டு டின்னையும் ஒரே நாளில் வாங்கி, மூடியுள்ள பெரிய வாளி ஒன்றில் சேர்த்து ஊற்றிக் கலக்கிக்கொண்டு, அதிலிருந்தே எல்லாச் சுவருக்கும் எடுத்தேன். மிச்சம் வந்த இரண்டரை லிட்டரைச் சிறு டின்களில் அடைத்து, எந்த அறை, எந்த நிறம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவேளை பாதி வேலையில் தீர்ந்தே போனாலும், சுவரின் நடுவில் நிறுத்தாமல் மூலையில் நிறுத்தினால் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

சமையலறைக் கூரையில் எழுந்த கொப்புளத்தின் கதை நீளமானது. அங்கே ஒரு தட்டகலத்துக்குப் பழுப்பு நிறக் கறை பல மாதமாக இருந்தது. நான் அதைக் கறை என்றே நினைத்து, மேலே இரண்டு பூச்சு வெள்ளை அடித்து மறைத்தேன். உண்மையில் அது கசிவு. எங்கள் சமையலறைக்கு நேர் மேலே மேல்வீட்டுக் குளியலறை இருக்கிறது. ஈரம் உள்ளிருந்து வந்துகொண்டிருக்கும் பரப்பில் எவ்வளவு விலையுயர்ந்த சாயத்தை அடித்தாலும் அது நிற்காது, தள்ளிக்கொண்டு உரியும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சந்தேகமான இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறத்தில், சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டால் போதும். எங்கள் தாளின் உட்புறத்தில் விரலால் எழுதும் அளவுக்கு நீர் நின்றது.

அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளும் இதற்கென்றே வழி வைத்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூரையில் கசிவு என்று எழுத்துமூலம் தெரிவித்தால், கட்டட நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். சட்டம் கையில் இருக்கிறது என்று நேரே கடிதத்தோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அப்பா சொன்னபடி முதலில் மேல்வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அங்கே இருப்பவர் தனியாக வாழும் சீன முதியவர். அவரைக் கீழே அழைத்து வந்து கூரையைக் காட்டியதும் அவரே பதறிவிட்டார். கடிதத்தையும் கொடுத்தோம், அது அவருக்கு எதிராக அல்ல, பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காக என்று விளக்கினோம். ஆய்வு, ஒப்பந்தக்காரர் தேடல், தரையைப் பெயர்த்து நீர்க்காப்புப் பூச்சு போட்டு மீண்டும் டைல்ஸ் ஒட்டுவது என்று பிப்ரவரியில் தொடங்கியது மே மாதம்வரை இழுத்தது. அந்த நான்கு மாதமும் என் குறிப்பேட்டில் சமையலறைக் கூரைக்கு நேரே ‘காத்திரு’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. கசிவு நின்ற பிறகு மறுபடியும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, உள்ளே உலர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, உரிந்ததைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கறையை மேலே ஏறவிடாமல் தடுக்கும் சீலர் ஒரு பூச்சு அடித்த பிறகே வெள்ளையைத் தொட்டேன். சீலர் இல்லாமல் அடித்தால், உலர்ந்த கறையும்கூட வெள்ளையின் ஊடே பழுப்பாக வெளிவந்துவிடும்.

கீழ்வீட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டு, அக்டோபர் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ட்ரில்லை எடுத்தேன். பத்து நிமிடத்தில் காவலாளி கதவைத் தட்டினார். எங்கள் கட்டடத்தில் சத்தம் எழுப்பும் வேலைகளைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஒன்பதிலிருந்து ஐந்துவரையும் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிவரையும்தான் செய்யலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஏழு ஆண்டாக அதைக் கடந்து போகிறேன், படித்ததில்லை. கீழ்வீட்டில் இருப்பவர் இரவுப் பணி முடித்து வந்து உறங்கும் தாதி. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை என்றாலும், அன்று மாலை மின்தூக்கியில் அவரோடு ஏழு மாடி இறங்கியது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மறு ஆண்டு நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே படிவம் நிரப்பினேன். சீரமைப்பு வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி முன்னதாகவே வேண்டும் என்பது சட்டவிதி. சாயம் அடிப்பது, தட்டு பொருத்துவது போன்றவற்றுக்கு எங்கள் அலுவலகத்தில் வைப்புத்தொகை கேட்பதில்லை, சுவரையோ தரையையோ உடைப்பதென்றால் கேட்கிறார்கள். தாதியிடம் அவருடைய பணி அட்டவணையைக் கேட்டு, அவர் பகல் பணியில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை நான் விடுப்பெடுத்துக்கொண்டு எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போட்டேன். பதினான்கு துளை, ஒன்றே முக்கால் மணி நேரம். துளைகளைப் பல நாளுக்குப் பரப்பாமல் ஒரே நாளில் குவித்ததால் தூசியும் ஒரே நாளோடு போயிற்று.

எங்கே துளைக்கக் கூடாது என்பதைப் பற்றி அப்பா மிகக் கண்டிப்பானவர். சுவரில் ஒரு சுவிட்சு இருந்தால் அதற்கான கம்பி மேலேயோ கீழேயோ நேர்க்கோட்டில் வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்; இரண்டு மின்பிளக் முனைகள் அருகருகே இருந்தால் இடையில் கிடையாகவும் கம்பி ஓடலாம். அந்தக் கோடுகளை நான் பென்சிலால் சுவரிலேயே வரைந்து, இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்கு ‘தொடாதே’ என்று எழுதினேன். சமையலறைச் சுவரின் மறுபக்கம் குளியலறை என்பதால், அங்குள்ள குழாயும் நீர்த்தூவியும் எந்த உயரத்தில் எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றன என்று அளந்து, அதையும் இந்தப் பக்கம் வரைந்தேன். சுவர் பள்ளிக்கூடக் கரும்பலகை போல் ஆகிவிட்டது. எப்படியும் சாயம் அடிக்கப் போகும் சுவர்தானே. துளையிடும் பகுதியின் மின்சாரத்தைப் பெட்டியில் அணைத்துவிட்டு, ட்ரில்லுக்கு வேறோர் அறையிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடியபோது, அது துருவேறித் திரும்பவே மறுத்தது. குழாயைத் துளைத்த பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதை மாற்றிய பிறகே மற்றது.

மின்வேலையை நான் தொடவில்லை. அடுப்பங்கரை மேடையில் கேத்தலும் ஓவனும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தன. நம் மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3,000 வாட். கேத்தல் 2,000, ஓவன் 1,800 என்று அவற்றின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் கூட்டியபோதுதான், அந்தக் கம்பி ஏன் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று விளங்கியது. ஓவனுக்குத் தனி முனை வேண்டும். காணொளியைப் பார்த்து நானே இழுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. “கரண்டு உனக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுக்காதும்மா” என்று அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம். அவர் வந்த கையோடு நீர்சூடேற்றியையும் பார்த்து, அதற்கென்று மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் 10 மில்லியாம்பியர் துண்டிப்பான் இல்லை என்று சொல்லி அதையும் பொருத்தினார். என் திட்டத்திலேயே இல்லாத செலவு. அந்த ஆண்டில் நான் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஒரே பணம் அதுதான். அவர் சுவரில் வெட்டிய பள்ளத்தைப் பூசி மூடுவதற்கு முன், அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து நான்கு படம் எடுத்து வைத்தேன். இனி அந்தச் சுவரில் யார் துளைத்தாலும் கம்பி எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

ஜிஞ்சாங்கில் தம்பி வாங்கிய பழைய ஒரு மாடி வீட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வீட்டில் இல்லாத ஆபத்து அங்கே இருந்தது. என் சுவர்களைப் பார்த்துவிட்டு அவனுக்கும் ஆசை வந்து, கூரைத் தகடுகளில் புது விளக்குகளுக்குத் துளை வெட்டப் போவதாகச் சொன்னான். அந்தக் காலத்து வீடுகளில் கூரைக்கும் உட்கூரைக்கும் அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடுகளைப் போடுவது வழக்கம். அது சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லையில்லை. துளைத்தால், அறுத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும், பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். நல்லவேளையாக, அவன் ட்ரில் வாங்கும் முன் என்னிடம் சொன்னான். விளக்குகளைச் சுவரில் பொருத்திக்கொண்டான், தகடுகளைத் தொடவில்லை.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத என்னிடம் அதிகமில்லை. மிஸ்டர் டி.ஐ.ஒய். என்ற வீட்டுக்கருவிக் கடை நிறுவனம் 2005இல் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் முதல் கடையைத் திறந்த பிறகு, இன்று எந்தத் தாமானிலும், அதாவது குடியிருப்புப் பகுதியிலும், ஒரு கிளையைப் பார்க்கலாம். கருவி கிடைக்காது என்ற நிலை இல்லை. ரசமட்டம், அளவுநாடா, திருப்புளி, சுத்தியல் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ட்ரில்லை அண்ணன் தம்பியிடம் இரவல் வாங்குவதில் வெட்கமில்லை. கண்ணாடியும் முகக்கவசமும் மட்டும் இரவல் வேண்டாம், அவரவருக்கு ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று கூரையைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது அடிவயிறு கலங்குகிறது. முதல் ஆண்டு நானும் அப்படித்தான் நின்றேன்.

கருவியைவிட எனக்கு உதவியது தெருமுனை ஹார்ட்வேர் கடையின் முதலாளியான தவுக்கேதான். முதல் முறை போய் ‘தட்டு மாட்ட பிளக் வேண்டும்’ என்றபோது, என்ன சுவர், எவ்வளவு எடை, தாங்கியின் ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று மலாயில் அடுக்கிக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எரிச்சலோடு கையில் கிடைத்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேலி செய்கிறார் என நினைத்தேன். அவர் கேட்டது என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்க வேண்டிய கேள்விகளை. இரண்டாம் ஆண்டு சுவரின் படம், தாங்கியில் ஒன்று, அளவுகள், பழைய துளையிலிருந்து சுரண்டி எடுத்த தூள் ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். தவுக்கே தூளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சரியான பாக்கெட்டைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு கடைக்கு மொத்தம் மூன்று முறை போனேன்; முந்தைய ஆண்டு பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்தி, உடைமாற்றி, வண்டி நிறுத்த இடம் தேடி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும், உருளையும் காய்ந்துவிடும்.

வேலையின் வரிசையை நான் பின்னாலிருந்து எழுதிப் பழகிக்கொண்டேன். சாயம் முடிய வேண்டிய நாளை முதலில் குறித்தேன். அதற்கு முன் சீலர். அதற்கு முன், சுவரின் பள்ளங்களை நிரவும் பட்டி காய ஒரு நாள். அதற்கு முன் பட்டி பார்ப்பது. அதற்கு முன் துளைகள். அதற்கு முன் வயர்மேன், அவர் வெட்டிய இடத்தில் பூசிய புதுக் கலவை உலர நான்கு வாரம். அதற்கு முன் கசிவு நிற்பது. பின்னோக்கிப் போகப் போக, ஜூன் கடைசியில் முடிய வேண்டிய வேலைக்கு வயர்மேன் மே கடைசிக்குள் வந்து போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. முதல் ஆண்டு நான் முன்னாலிருந்து எழுதியதால், ‘முதல் வாரம்: சாயம்’ என்று தொடங்கி, பிறகு அடித்த சாயத்தின் மேலேயே துளைத்துத் தூசியை ஒட்டவைத்தேன். பணத்திலும் அதே பின்கணக்குதான்: கூட்டி வரும் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து ஒதுக்கினேன், அதில் பாதியை நீர் வால்வும் துண்டிப்பானும் தின்றுவிட்டன. குழந்தைகளைப் பள்ளி விடுமுறையில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிய மூன்று நாளும், சமையலறையில்லாமல் நாங்கள் வெளியில் சாப்பிட்ட செலவும்கூடக் குறிப்பேட்டில் உண்டு. வீட்டு வேலைக் கணக்கில் பெரும்பாலோர் எழுத மறக்கும் பத்தி அது.

குளியலறைக் கதவுச் சட்டம் மட்டும் இன்னும் உப்பியபடியே இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கப் போன அப்பா, அடியில் தரையும் ஊறியிருப்பதைக் கண்டார்; அப்படியானால் எங்கள் குளியலறையின் நீர்க்காப்பும் போய்க்கொண்டிருக்கிறது, இன்று மேல்வீட்டாரால் எனக்கு நேர்ந்தது நாளை என்னால் கீழ்வீட்டுத் தாதிக்கு நேரும். தரையைப் பெயர்த்து நீர்க்காப்பு போடுவது என் கைவேலை அல்ல. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘நாம் செய்வதல்ல’ என்று எழுதி, கீழே குளியலறையின் அளவும், நீர் தேக்கிப் பார்க்கும் சோதனை வேலைக்குள் அடங்குமா என்று கேட்க வேண்டிய கேள்வியும், பெயர்த்த கல்லை யார் இறக்குவது என்பதும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் வந்து பார்த்து விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வருகிறார்.